மெத்தைக்காரரின் தூக்கம்

வெள்ளத்தைப் பற்றி நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பினால் போதும். அந்த மீதியே உங்கள் கழுத்துவரை வரும். ஆறு எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது கதவைத் தட்டிக்கொண்டெல்லாம் வரவில்லை. உரிமையுள்ள சொந்தக்காரர் மாதிரி நேரே அடுக்களைக்குப் போனது, பாத்திரங்களை உருட்டிப் பார்த்தது, பிடித்ததை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டது. என் வீட்டு அலமாரி தெருமுனை சலூன் வாசலில், முடிவெட்ட முறை வருமென்று காத்திருப்பதுபோல் சாய்ந்து நின்றது. டீச்சர் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு மீன் கிடந்தது. என் கை நீளம். போன வாரம் சொன்னபோது முழங்கை நீளம்தான் இருந்தது. செத்த மீன் என்றாலும் நாளுக்கு நாள் வளர்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் இம்மியும் கூட்டவில்லை. வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்து, தெருவில் வண்டிகள் ஓட ஆரம்பித்த பிறகும், மெத்தைக்காரர் தம் வீட்டு மொட்டைமாடியை விட்டு இறங்கவில்லை.

அவர் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்கப்பால் புல்வெளி, புல்வெளிக்கப்பால் ஆற்றங்கரை. கீழே முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடியிருப்பு. ஊரில் யார் எந்த மெத்தையில் படுத்தாலும் அது அவர் கை பட்டதாகத்தான் இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு அத்தனை மெத்தைகளும் நனைந்த யானைக்குட்டிகளாக அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். உள்ளே கட்டிதட்டிப் போன பஞ்சைப் பிய்த்து வெயிலில் பரப்ப வேண்டும். காய்ந்ததும் கழியால் அடித்து உதற வேண்டும். பிறகு புது உறையில் திணித்து, ஒரு முழ ஊசியால் தைத்து இறுக்க வேண்டும். பஞ்சு காய்ந்தபாடில்லை. காலையில் வெயில் கண்ணைப் பறிக்கும், மதியம் மேகம் மூடும், தெரு முழுக்க ஈர நாயின் வாடை அடிக்கும். மெத்தைக்காரரின் மனைவி ஒருத்தியே கழியும் கையுமாக மல்லுக்கு நிற்பாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்துக் கொடுப்போம். தைக்க வேண்டிய மனிதர் மேலே நின்று ஆற்றை முறைத்துக்கொண்டிருந்தார். அவர் முறைத்த முறைப்பில் ஆறு கூசிப்போய் எதிர்க்கரைப் பக்கமாக ஒதுங்கி ஓடியது என்றுகூடச் சொல்வேன்.

"என்னங்க, இறங்கி வரீங்களா இல்லையா?" என்று அவள் கழியை ஓங்கியபடியே கத்துவாள்.

"கரையைப் பாத்துட்டு வரேன்."

"கரை என்ன ஓடியா போகுது?"

"அன்னிக்கு ஓடிச்சே!"

பஞ்சுக்குத்தான் நாலு அடி கூடுதலாக விழும்.

ஒருநாள் கழியைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரயிலில் கடைசிப் பெட்டியில் கொடியாட்டி ஓய்வு பெற்றவன் என்பதால் தெருவுக்கு நான் கார்டு சார்.

"பயமா இருக்கு கார்டு சார். தூக்கமே இல்ல அவருக்கு. நேத்து கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு நின்னவருக்கு அப்படியே கண்ணு சொருகி, பாதி உடம்பு வெளிய வந்துடுச்சு. சட்டையைப் புடிச்சு இழுத்தேன். நான் பக்கத்துல இல்லாத நேரம் பாத்து விழுந்து வைக்கப் போறாரு. அதைப் பாக்க என்னால ஆகாது. பாலம் சரியாகி என்னிக்கு பஸ் விடறானோ, அன்னிக்கே அப்பாவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"அவர்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். 'சரி, மேடான ஊரு, நல்லது'ங்கறாரு."

பஞ்சுக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் அப்பா தலையை நீட்டினார். வெள்ளத்தன்று படுத்திருந்த மெத்தையோடு மிதந்து, வாசல் தாண்டி, தெரு தாண்டி, புல்வெளி மரத்தில் சிக்கிக்கொண்டவர். விடிந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். அதுமுதல் அவருக்குக் கப்பல் என்று பெயர். பெரியவருக்கு அதில் ஏகப் பெருமை.

"நான் எங்கயும் வரல. ஒரு தடவை பயணம் போனது போதும்" என்றார் கப்பல்.

பாலத்தில் வேலை மும்முரமாக நடந்தது. பஸ் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நிலையில்தான் அந்தப் பெண் வந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தோளில் துணிப்பை, ஊர் ஊராகப் பேசிப் பேசிக் கம்மிப்போன குரல். போர்வை கொடுக்க வந்தவர்கள், ரொட்டி கொடுக்க வந்தவர்கள், போட்டோ எடுக்க வந்தவர்கள் என்று எங்கள் தெரு எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. இவள் எதையும் கொண்டுவரவில்லை. கேட்க வந்திருந்தாள்.

"இந்த மாதிரி பெரிய அடி ஒண்ணு விழுந்த பிறகு ஜனங்க எப்படித் தூங்கறாங்க, சாப்பிடறாங்களா, யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசறாங்களான்னு பாக்கணும். என்ன உதவி வேணும்னு தெரிஞ்சாத்தானே செய்ய முடியும்? அதான் வீடு வீடா வரேன்."

"மனசுக்கு என்னம்மா? அதைப் பரண் மேல வச்சுட்டோம், நனையல" என்றார் சலூன்காரர்.

தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். உதவிக்கு வந்தவர்கள் எங்கள் நகைச்சுவைக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்றே அவளுக்கு மனசுப்பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டோம்.

வீடு வீடாகப் போனாள். எந்த வீட்டிலும் பிசகாத ஒரே பதில்தான். நாங்க நல்லா இருக்கோம். படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறோம். டீச்சர் ஒருபடி மேலே போய், தரையில் படுத்தால் முதுகுக்கு நல்லது, வெள்ளம் வந்ததே ஒருவகையில் சௌகரியம் என்றாள். என்னிடம் கேட்டபோது, "நானா? படுத்தா பொணம்" என்றேன். இப்படி ஒரு ஆரோக்கியமான தெருவை உலகமே கண்டிருக்காது. எல்லாருமே பதிலைச் சொல்லி முடித்ததும், ஏதோ விலாசம் காட்டுவதுபோல் தெருக்கோடி மாடியைக் காட்டினோம்.

"அங்க போங்கம்மா. உங்களுக்கு அங்கதான் வேலை."

அவளை நான்தான் மாடிக்கு அழைத்துப் போனேன். வழிகாட்ட ஒன்றுமில்லை, ஒரே படிக்கட்டுதான். ஆனால் அவர்கள் பேசுவதைக் கேட்காமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

மெத்தைக்காரர் திரும்பவில்லை. கண்கள் இரண்டும் அடுப்புக் கங்குபோல் சிவந்திருந்தன. இடது உள்ளங்கையில் துணிக்கட்டு. மாடியிலேயே ஒரு உறையைத் தைக்கப் பார்த்து, அசதியில் ஊசியைக் கைக்குள் செலுத்தி மறுபுறம் வாங்கியிருந்தார். காலையில் மனைவி வைத்துவிட்டுப் போன ரொட்டியையும் அவித்த முட்டையையும் ஒரு காகம் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

"எப்படிங்க இருக்கீங்க?" என்றாள் மனசுப்பொண்ணு.

"நான் நல்லா இருக்கேன். கீழ கேளுங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் கைப்பிடிச் சுவரோரம் போய், அவர் பார்க்கும் திசையில் தானும் பார்த்தாள். கொஞ்சநேரம் அப்படியே நின்றார்கள், பஸ்ஸுக்கு நிற்கிற இருவர் மாதிரி.

"எதைப் பாக்கணும்? எனக்குத் தெரியல."

"அந்தா, கரையில வெள்ளை அடிச்ச கல்லு. தண்ணி அதைத் தொட்டா நான் சத்தம் போடணும். எல்லாரும் ஏறிடலாம். அதுக்கு நேரம் இருக்கு."

"அன்னிக்கு?"

அவர் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் எல்லாரும் வந்து கேட்டாங்க. என் மாடியிலேர்ந்துதானே கரை தெரியும்? எப்பவும் என்னைத்தான் கேப்பாங்க. 'போய் நிம்மதியா படுங்க, நான் பாத்துக்கறேன்'னு சொன்னேன். கீழ பட்டறையில புதுசா ஒரு மெத்தை தச்சு முடிச்சிருந்தேன். அழுத்தம் சரியா இருக்கான்னு சும்மா சாஞ்சு பாத்தேன். எப்பவும் பாக்கறதுதான்." கைக்கட்டின் முடிச்சை இறுக்கினார். "முழிச்சப்ப முதுகு ஈரம். மாமா படுத்திருந்த இடத்துல தண்ணிதான் இருந்துச்சு."

தெருவில் யாருக்கும் இது தெரியாது. அவர் விழித்திருந்தும் ஆறு ஏமாற்றிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

உங்க தப்பு இல்லை, மறந்துடுங்க, கீழே வாங்க என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அதையெல்லாம் நாங்கள் தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்?

"யாராவது பாக்கத்தான் வேணும்" என்றாள். "ஆனா ஏன் ஒருத்தரே?"

"வேற யாரு முழிச்சிருக்கா? கீழ கேட்டீங்கல்ல? எல்லாரும் நல்லாத் தூங்கறாங்க. தூங்கட்டும். இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தான் முழிச்சிருக்கேன்."

இறங்கும்போது படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்தாள். "ஐயா, அவருக்கு இது உடம்புக்கும் ஆபத்து. நாளைக்கும் இப்படியே இருந்தா டாக்டரோட வருவேன். கட்டிப்போட்டுத் தூங்க வைக்க முடியாது. முழிச்சதும் மறுபடி மேல ஏறிடுவாரு." கொஞ்சம் யோசித்தாள். "உங்க தெருவுல மத்தவங்களைப் பத்திக் கேட்டா நல்லா சொல்லுவாங்க போல?"

"அதுல எங்களை மிஞ்ச ஆள் இல்லம்மா" என்றேன், வரப்போவது தெரியாமல்.

மறுநாள் மதியம் அவள் வந்தபோது நாங்கள் மெத்தைக்காரர் வாசலில் வட்டமாக உட்கார்ந்து பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்தோம். மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் அதைப் பார்த்தோம். மெத்தைக்காரர் மனைவி உள்ளே துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பஸ் வருகிறதாம், பாலத்தில் வேலை செய்கிறவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மனசுப்பொண்ணு பூட்ஸைக் கழற்றிவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்து பஞ்சைக் கையில் எடுத்தாள். பிய்க்கத் தெரியவில்லை, கிழித்தாள்.

"நேத்து ராத்திரி அவரு எப்படி இருந்தாரு?"

"பாவம்மா" என்று நான் முந்திக்கொண்டேன். "நடுராத்திரிக்கு மேல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடையான நடை. பயங்கர இருமல் வேற. அப்புறம் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு..."

"நீங்க எங்கேர்ந்து பாத்தீங்க?"

"என் ஜன்னல்லேர்ந்துதான். நேரா தெரியுமே!"

"அப்ப நீங்க முழிச்சிருந்தீங்க."

கையிலிருந்த பஞ்சை மும்முரமாகப் பிய்த்தேன். டீச்சர் களுக்கென்று சிரித்தாள்.

"கார்டு சார் தினமும் அப்படித்தான்மா. விடிய விடிய ஜன்னல்ல சிகரெட் நெருப்பு கண் சிமிட்டிக்கிட்டே இருக்கும்."

"தினமும் பாக்கறீங்களா டீச்சர்?"

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. இப்போது சலூன்காரருக்குக் கொண்டாட்டம். "டீச்சரம்மாவா? ராத்திரி ஆனா பாத்திரத்தையெல்லாம் பரண்ல ஏத்துவாங்க, விடியறதுக்குள்ள இறக்குவாங்க. கடகடன்னு தெருவுக்கே கேக்கும்."

"தெருவுக்கே கேட்டா, தெருவே முழிச்சிருக்கா?"

"யோவ்" என்று கப்பல் சலூன்காரரைப் பார்த்துக் கை நீட்டினார். "நீ என்ன யோக்கியமா? ராத்திரியெல்லாம் கத்தி தீட்டற. அந்தச் சத்தத்துல மனுஷன் எப்படித் தூங்கறது?"

உள்ளேயிருந்து மெத்தைக்காரர் மனைவி மூட்டையோடு வெளியே வந்தாள். "அப்பா! நீங்க குறட்டை விட்டுத் தூங்கிட்டுல்ல இருந்தீங்க?"

"அது உனக்காக விட்ட குறட்டைம்மா" என்றார் கப்பல் பரிதாபமாக. "நான் தூங்கறேன்னு நெனச்சாவது நீ தூங்குவேன்னு பாத்தேன். நீ எங்க தூங்கின? நீ பாட்டுக்கு மாடிப்படியிலயே உக்காந்திருந்த."

பிறகு யார் ஆரம்பித்ததோ தெரியாது, வெடித்ததே ஒரு சிரிப்பு! காயப்போட்ட பஞ்சு மேலே கிளம்பி மேகத்தோடு கலந்துவிட்டது என்று பிற்பாடு பலரிடம் சொன்னேன். டீச்சர் சிரித்துச் சிரித்து அழுதாள். அழுகை எது சிரிப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. மனசுப்பொண்ணு அவள் முதுகில் கை வைத்தாள்.

"அப்ப எல்லாருமா முழிச்சிருந்தீங்க?"

மேலேயிருந்து குரல். மெத்தைக்காரர் முதல் தடவையாக ஆற்றுக்கு முதுகைக் காட்டி எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் பாக்கறேன்னு தெரிஞ்சும் ஏன் முழிச்சிருந்தீங்க? என் மேல நம்பிக்கை இல்லையா?"

சலூன்காரர் வாய் சும்மா இருக்குமா? "உம்மை நம்பித்தானேய்யா அன்னிக்குப் படுத்தோம்!"

சொன்ன மறுகணமே அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்கப் பார்த்தார். முடியவில்லை. மெத்தைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி மூட்டையைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினாள்.

"நான் தூங்கிட்டேன்" என்றார் அவர் மேலேயிருந்தே, தெரு முழுக்கக் கேட்கும்படி. "பாக்கறேன்னு சொல்லிட்டு, தூங்கிட்டேன்."

டீச்சர் எழுந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாங்களும்தான் தூங்கினோம். இத்தனை பேரு இருக்கோம். ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, போத்திப் படுத்துட்டோம். நீங்களும் பகல் பூரா வேலை செஞ்ச மனுஷன்தானேன்னு யாருக்காவது தோணிச்சா? அதுல எங்க தப்பு எங்களுக்கு. எல்லாத்தையும் நீங்களே மூட்டை கட்டித் தூக்காதீங்க."

"மாப்பிள்ளை!" என்று கப்பலும் குரல் கொடுத்தார். "அந்த மெத்தை அவ்வளவு தண்ணியிலயும் ஒரு தையல் பிரியல. அது மேலதான் மரம் வரைக்கும் போனேன். அதையும் கொஞ்சம் கணக்குல வைங்க."

அந்த நேரம் பார்த்து மலைப்பக்கம் இடித்தது.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மொத்தத் தெருவும் மெத்தைக்காரர் மாடிக்கு ஏறியது. டீச்சர், சலூன்காரர், சலூன் பெஞ்சில் காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு, குழந்தைகள், கப்பல் என்று எல்லாரும். உலகத்தில் எந்த மாடியும் அன்றைக்குப் போல மனிதர்களைத் தாங்கியிருக்காது. எல்லாருக்கும் வெள்ளைக்கல்லைப் பார்க்க வேண்டும்.

"எங்கய்யா கல்லு?"

"அந்தப் புதருக்கு இந்தப் பக்கம்."

"அதுவா? அது மாடு!"

"மாடு அசையும். அசையாம இருக்கறதுதான் கல்லு" என்று மெத்தைக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "கண்ணு சிமிட்டாம பாக்கக்கூடாது. அப்படிப் பாத்தா கல்லு நகர்ற மாதிரி இருக்கும். அப்பப்ப தூரத்து மரத்தைப் பாத்துட்டுத் திரும்பணும்."

மனசுப்பொண்ணு கம்மிய குரலிலேயே ஏற்பாடு செய்தாள். ரெண்டு ரெண்டு பேராகப் பார்ப்பது. ஒருவர் கண் அசந்தால் மற்றவர் கிள்ளுவது. முறை முடிந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஆளை எழுப்பிவிட்டுத்தான் படுப்பது. முதல் முறை டீச்சருக்கும் சலூன்காரருக்கும். இவனோடா என்று டீச்சர் முனகினாள். கிள்ளுவதற்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்றதும் சம்மதித்தாள்.

"சலூன்காரர் நின்னுக்கிட்டே தூங்குவாரு. முடி வெட்டும்போதே பாத்திருக்கேன். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார் மெத்தைக்காரர்.

"இருங்க. யாரு வேணாம்னா?" என்றாள் மனசுப்பொண்ணு.

ஆனால் இருக்க இடம் வேண்டுமே! ஆளாளுக்கு இடித்ததில் அவர் கைப்பிடிச் சுவரிலிருந்து நடுமாடிக்கும், நடுமாடியிலிருந்து படிக்கட்டுக்கும் வந்து சேர்ந்தார். அப்போதுதான் காலடியில் ஏதோ முனகியது. அவர் முகம் மாறியது.

"ஐயையோ, உத்தரம்! இத்தனை பேரை இது தாங்குமா?"

தடதடவென்று இறங்கினார். அவர் இறங்குவதையே அவர் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள், மூச்சுவிட்டால் திரும்பி ஏறிவிடுவாரோ என்பதுபோல. நான் பின்னாலேயே போனேன். பட்டறையில் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். கழுத்து வலித்திருக்க வேண்டும். துணி வெட்டும் நீளப் பலகையில் ஏறி மல்லாந்து படுத்து, ஓரம் ஓரமாக ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு கார்டு சார். அந்த மூலையில மட்டும் ஒரு..." என்றார்.

அந்த மூலையில் மட்டும் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சுற்றிலும் ஊர் மெத்தையெல்லாம் குவிந்திருக்க, அந்த மனிதர் வெறும் பலகையில், சொன்ன வார்த்தை வாயிலேயே இருக்க, தூங்கிப்போனார்.

நான் வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினேன். ரயிலுக்குக்கூட அப்படிப் பொறுப்பாக ஆட்டியதில்லை. அத்தனை பேரும் பூனைகளாகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். மாடியில் டீச்சரும் சலூன்காரரும் மட்டும், விறைப்பாக, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மழை பெயருக்கு நாலு தூறல் போட்டுவிட்டுப் போனது. கல் காய்ந்தே இருந்தது. என் முறைக்கு என்னை எழுப்ப வேண்டியிருந்தது என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். ஆறு பேர் சேர்ந்து எழுப்பியதாகக் கேள்வி.

காலையில் பஸ் வந்தது. இத்தனை நாள் வராதவன் ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று தெருமுனையில் நின்று ஹாரனை அழுத்தினானே பார்க்கலாம்! டீச்சர் தலைமுடி பறக்க ஓடினாள். "நிறுத்துப்பா! ஆள் தூங்கறாரு!" டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ பெரிய மனிதர் தெருவில் தங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டு, ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போனான்.

மெத்தைக்காரர் மனைவி கடைசி முறை பார்த்துவிட்டு அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கினாள். போகிற பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள். வாசலில் வந்து நின்றிருந்த மனசுப்பொண்ணையும் என்னையும் பார்த்தாள். நேரே பட்டறைக்குள் போனாள். நாங்கள் கதவிடுக்கில் தலையை நீட்டினோம்.

பலகை முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். கால் ஒரு மூலை, கை ஒரு மூலை. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தோளைப் பிடித்து ஒரு நெட்டு நெட்டினாள்.

"தள்ளிப் படுங்க."

அவர் கண்ணைத் திறக்காமலே தள்ளிப் படுத்தார்.